ஒரே களிமண்ணில் கறுப்பும் சிவப்பும்: கிரேக்க மட்கலங்களைப் பற்றி

பழனி மலையின் தாண்டிக்குடிப் பகுதியில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இன்றும் காணப்படும் பெருங்கற்கால ஈமச் சின்னங்களை அகழ்ந்த ஆய்வாளர்கள் எடுத்த மட்கலங்களில், உட்புறமும் விளிம்பும் கறுத்து, வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி சிவந்திருக்கும் கறுப்பு-சிவப்பு வகைக் கலங்கள் உண்டு. இதே மலையின் அடிவாரத்தில், பழனிக்குத் தென்மேற்கே உள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் ஈமச்சின்னம் ஒன்றிலிருந்து கிடைத்த நெல்மணிகளின் காலம் ஏறத்தாழ கி.மு. 490 என்று கரிமக் கணக்கீடு காட்டியது. கி.மு. 490 என்பது ஏதென்ஸ் நகரத்தார் மாரத்தான் சமவெளியில் பாரசீகப் படையை எதிர்த்துப் போரிட்ட ஆண்டு. அந்தத் தலைமுறையில்தான் ஏதென்ஸின் குயவர்களும் கலவோவியர்களும் தங்கள் கலையின் உச்சத்தில் இருந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய நிறங்களும் முதன்மையாகக் கறுப்பு, சிவப்பு ஆகிய இரண்டே. அவர்களுக்கும் அந்த நிறங்களைத் தந்தவை களிமண்ணில் உள்ள இரும்பும் சூளையின் காற்றும்தான். இந்த ஒற்றுமையின் வழியாகத்தான் நான் கிரேக்க மட்கலங்களுக்குள் நுழைந்தேன். ஆகவே இந்தக் கட்டுரையில் அவற்றின் பாணிகள் மாறிய வரலாற்றை ஓவியத்தின் பக்கம் நின்று தொடங்காமல், நெருப்பின் பக்கம் நின்று தொடங்குகிறேன்.

வத்தலக்குண்டுப் பக்கத்தில் இன்னும் பானை வனையும் முதியவர் ஒருவரிடம், ஒரே சூளையில் வெந்த சட்டிகளுள் ஒன்று மட்டும் ஏன் கறுத்திருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "தீ ஒண்ணுதான் தம்பி. காத்து போன எடம் செவக்கும், காத்து போகாத எடம் கறுக்கும்" என்றார். வேதியியல் சொல்வதும் அதுவே. சூளைக்குள் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் களிமண்ணின் இரும்பு சிவப்பு ஆக்சைடாகிறது. ஆக்சிஜன் போதாமல் புகை சூழ்ந்தால் அதே இரும்பு கறுப்பு ஆக்சைடாக மாறுகிறது. நம் கறுப்பு-சிவப்புக் கலங்களில் புகையின் கரியும் சுவருக்குள் ஏறி உட்புறத்தைக் கறுக்கச் செய்கிறது. கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உள்ளே காற்று புகவில்லை என்பது பலரும் தரும் விளக்கம். எந்த இடம் கறுக்க வேண்டும் என்பதை நம் குயவர் கலத்தை வைக்கும் முறையால் தீர்மானித்தார். ஏதென்ஸின் குயவரோ, ஒரே கலத்தின் ஒரே பரப்பில், மயிரிழை அளவுக்குக் கறுப்பையும் சிவப்பையும் அருகருகே நிறுத்த வேண்டியிருந்தது. அதற்கு அவர் கண்ட வழி வியக்கத்தக்கது.

ஏதென்ஸ் அமைந்துள்ள அட்டிகா நாட்டின் களிமண்ணில் இரும்பு மிகுதியாக இருப்பதால், சுட்டபின் அது செம்மஞ்சள் கலந்த சிவப்பாகிறது. குயவர் அந்தக் களிமண்ணையே நீரில் நன்றாகக் கரைத்து, கரடும் மணலும் அடியில் தங்கும்வரை விட்டு, மேலே நிற்கும் மிக நுண்ணிய துகள்களை மட்டும் வடித்துக் குழம்பாக்கினார். கறுப்பாக வேண்டிய இடங்களில் அந்தக் குழம்பைத் தூரிகையால் பூசினார். அதில் தனிச் சாயம் எதுவும் இல்லை. கலத்தின் உடலும் பூச்சும் ஒரே மண். பூசும் வேளையில் இரண்டுக்கும் நிற வேறுபாடு சிறிதே இருந்ததால், சூளையிலிருந்து வெளிவரப் போகும் நிறங்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஓவியர் கோடு இழுத்தார்.

பின்னர் சூளையில் மூன்று கட்டங்கள் நிகழ்ந்தன. முதலில் காற்றுத் துளைகளைத் திறந்துவைத்து ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ்வரை சூடேற்றும்போது கலம் முழுவதும் சிவக்கும். அடுத்து, துளைகளை அடைத்து, பச்சை விறகோ ஈரமான பொருளோ இட்டு, வெப்பத்தை 900 பாகைக்கு மேல் உயர்த்தும்போது கலம் முழுவதும் கறுக்கும். இக்கட்டத்தில்தான் நுண்குழம்பின் துகள்கள் ஒன்றோடொன்று உருகி இறுகி, காற்றுப் புகாத, பளபளப்பான மெல்லிய படலமாகின்றன. கடைசியாகத் துளைகளை மீண்டும் திறந்தால், நுண்துளைகள் உள்ள உடல் காற்றை உள்வாங்கிச் சிவப்புக்குத் திரும்பும். படலமாக இறுகிய பூச்சு மட்டும் திரும்ப முடியாமல் கறுப்பாகவே நின்றுவிடும். மூன்று கட்டங்களும் ஒரே சுடுதலில், தொடர்ச்சியாக நடந்தவை. வெப்பமானி இல்லாத காலத்தில், சுவாலையின் நிறத்தையும் புகையின் போக்கையும் சூளையில் வைத்த சோதனைத் துண்டுகளையும் பார்த்தே அவர்கள் துளைகளைத் திறந்து மூடினார்கள். நேரம் தவறினால் கறுப்பு சரியாக இறுகாமல் செந்திட்டுகளாகத் திரும்பிவிடும். அப்படித் திட்டுத் திட்டாகச் சிவந்த கலங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. பழங்காலத்தோடு மறைந்துபோன இந்தப் பூச்சின் வேதியியலை 1942-இல்தான் ஜெர்மானியரான தியோடர் ஷூமான் விளக்கிக் காட்டினார். கொரிந்துக்கு அருகே பென்டெஸ்கூஃபியாவில் கிடைத்த சிறு சுடுமண் பலகைகளில் சூளையையும் அதனருகே வேலை செய்யும் குயவரையும் வரைந்திருக்கிறார்கள். கடவுளுக்குக் காணிக்கையாக அளித்த பலகைகளில் சூளையையே வரைந்தார்கள் என்றால், தங்கள் தொழிலின் ஆபத்தான கணம் எது என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள் என்றே நான் கொள்கிறேன்.

பாணிகளின் வரலாறு இந்த நெருப்பின் மேல்தான் நகர்கிறது. கிரீட் தீவில் ஏறத்தாழ கி.மு. 1500-இல் எண்காலியும் கடற்பாசியும் கலம் முழுவதையும் தழுவும்படி வரைந்த அழகிய மரபு ஒன்று இருந்தது. அது தனியாக எழுத வேண்டிய பொருள். மைசீனிய அரண்மனைகள் வீழ்ந்த பின், கி.மு. 1050 அளவில் ஏதென்ஸில் புதிய ஒழுங்கு ஒன்று தோன்றுகிறது. விரைந்து சுழலும் சக்கரத்தில் கலத்தின் வடிவம் இறுக்கமடைகிறது. பல தூரிகைகளைப் பொருத்திய கவராயத்தால் ஒருமைய வட்டங்களைத் துல்லியமாக வரைகிறார்கள். அடுத்த இரு நூற்றாண்டுகளில் வட்டத்தின் இடத்தைக் கோணங்களும் மடிந்து மடிந்து ஓடும் கோட்டு வரிசைகளும் பிடித்துக்கொண்டு, கழுத்திலிருந்து அடிவரை கலத்தைப் பட்டை பட்டையாக மூடுகின்றன. இந்த வடிவியல் பாணியின் முடியாக நிற்பது ஏதென்ஸின் திப்பிலோன் இடுகாட்டில், கி.மு. 750-ஐ ஒட்டி, கல்லறை அடையாளமாக நிறுத்தப்பட்ட, இரு கைப்பிடிகள் உள்ள ஆம்ஃபோரா சாடி. ஒன்றரை மீட்டருக்கும் மேல் உயரம் உடைய அந்தச் சாடியில், கைப்பிடிகளுக்கு நடுவே ஒரு சிறு சட்டத்துக்குள், கட்டிலில் கிடத்திய பிணமும், இரு கைகளையும் தலைமேல் வைத்து அழும் பெண்களும் முக்கோண உடல்களாக நிற்கிறார்கள். முகத்தில் கண்கூட இல்லாத அந்த உருவங்களைப் பார்க்கும்போது, நம் ஊர்ச் சாவு வீட்டில் தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கும் பெண்களின் கைகள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

அடுத்த திருப்பம் ஏதென்ஸில் நிகழவில்லை. இரு கடல்களுக்கும் வாயிலாக அமைந்த வணிக நகரமான கொரிந்துக்கு, கிழக்கிலிருந்து வந்த உலோகப் பொருள்களும் துணிகளும் சிங்கம், சிறகுள்ள விலங்கு, தாமரை ஆகிய உருவங்களைக் கொண்டுவந்து சேர்த்தன. கொரிந்தின் வெளிர்நிறக் களிமண்ணில், நறுமண எண்ணெய்க்கான உள்ளங்கை அளவுச் சிறு குப்பிகளில், கி.மு. 700-ஐ ஒட்டி ஓர் உத்தி பிறந்தது: உருவத்தைக் கறுப்பு நிழலாகப் பூசி, பூச்சு காய்ந்தபின் கூரிய முனையால் கீறி, கண், தசை, மயிர், ஆடை ஆகியவற்றை அடியில் உள்ள மண்ணின் நிறத்தில் வெளிக்கொணர்வது. பிற்காலத்தில் கருவுருவப் பாணி என்று நாம் அழைப்பது இதைத்தான். உலோகத்தில் செதுக்குபவரின் கைப்பழக்கம் மட்கலத்துக்கு வந்ததன் விளைவாக இது இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கி.மு. 650–640 அளவைச் சேர்ந்த, சிகி குடுவை எனப்படும் கொரிந்தியக் கலம் 26 சென்டிமீட்டர் உயரமே உள்ளது; ஆனால் அதன் மேற்பட்டையில் கேடயமும் ஈட்டியும் ஏந்திய இரு படை வரிசைகள் மோதுகின்றன, நடுவில் ஒரு சிறுவன் குழல் ஊதிப் படையின் நடைக்குத் தாளம் தருகிறான்.

அதே காலத்தில் ஏதென்ஸ் குயவர்கள் பெரிய, சற்றுக் கட்டற்ற உருவங்களை வரைந்துகொண்டிருந்தார்கள். எலூசிஸில் கிடைத்த 1.42 மீட்டர் உயரச் சாடியின் கழுத்தில், ஒடீசியஸும் தோழர்களும் ஒற்றைக் கண் அரக்கனான பொலிஃபீமஸின் கண்ணில் கழியைப் பாய்ச்சுகிறார்கள். அந்தச் சாடிக்குள் ஒரு சிறுவனின் உடலை வைத்துப் புதைத்திருந்தார்கள். முதுமக்கள் தாழியை அறிந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கொரிந்தின் கீறல் உத்தியை ஏதென்ஸ் கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் முழுமையாக எடுத்துக்கொண்டது. சிவந்த மண்ணும் ஆழ்ந்த கறுப்பும் சேர்ந்ததால் அந்த உத்திக்குக் கொரிந்தில் இல்லாத வீறு கிடைத்தது. நூறாண்டுகளுக்குள் கொரிந்தின் சந்தையும் ஏதென்ஸின் கைக்கு வந்தது. கி.மு. 570 அளவில் எர்கோதிமோஸ் வனைந்து கிளைத்தியாஸ் வரைந்த, பிரான்சுவா கலம் என்று அறியப்படும் பெரிய மதுக்கலவைக் கலத்தில் 270 உருவங்களும் 121 எழுத்துப் பொறிப்புகளும் உள்ளன. மனிதர்களுக்கும் தெய்வங்களுக்கும் மட்டுமல்லாமல் சில பொருள்களுக்கும் பெயர் எழுதியிருக்கிறார்கள். 1900-இல் ஃபுளோரன்ஸ் அருங்காட்சியகத்தின் காவலர் ஒருவர் சினத்தில் வீசிய முக்காலி பட்டு இது 638 துண்டுகளாகச் சிதறியது. பொறுமையோடு மீண்டும் ஒட்டினார்கள். சுட்ட மண் உடையும், ஆனால் மக்காது. உலோகம்போல் உருக்கி வேறொன்றாக்கவும் முடியாது. கிரேக்கரின் சுவரோவியங்களும் பலகை ஓவியங்களும் ஏறக்குறைய முழுவதும் அழிந்த பின்னும் அவர்களுடைய வரைகலையை நாம் அறிவதற்கு இந்தக் குணமே காரணம்.

கருவுருவப் பாணியில் எனக்கு எக்சிகியாஸுக்கு நிகராக ஒருவரும் இல்லை. கி.மு. 545-க்கும் 530-க்கும் இடையே பணியாற்றிய அவர், வனைந்தவரும் வரைந்தவரும் தாமே என்று கையொப்பமிட்டிருக்கிறார். வத்திக்கானில் உள்ள அவருடைய ஆம்ஃபோராவில் டிராய்ப் போரின் கிரேக்க வீரர்களான அக்கிலீஸும் ஏயாஸும் போருக்கு நடுவே ஒரு பலகையின் முன் அமர்ந்து காய் நகர்த்தி விளையாடுகிறார்கள். இருவர் தோள்மீதும் ஈட்டிகள் சாய்ந்திருக்கின்றன. அந்த ஈட்டிகளின் கோடு சாடியின் கைப்பிடிகளை நோக்கி ஏறுவதால், குனிந்த இரு முதுகுகளும் கலத்தின் வளைவும் ஒன்றாகிவிடுகின்றன. அக்கிலீஸின் வாயருகே "நான்கு" என்றும், ஏயாஸின் வாயருகே "மூன்று" என்றும் எழுதியிருக்கிறது. மேலங்கிகளின் பூவேலையை நூலிழை நூலிழையாகக் கீறியிருக்கும் அதே கை, முகங்களை மட்டும் அமைதியாக விட்டிருக்கிறது. அக்கிலீஸ் போரில் இறப்பான், அவன் உடலைச் சுமந்து வருபவன் ஏயாஸ், பின்னர் ஏயாஸ் தன்னைத்தானே மாய்த்துக்கொள்வான் என்பதைக் கலத்தை வாங்கியவர்கள் அறிவார்கள். எக்சிகியாஸ் அதில் எதையும் சொல்லாமல் விளையாட்டை மட்டும் காட்டுகிறார்.

பிரான்சின் பூலோன் நகரில் உள்ள மற்றொரு சாடியில் ஏயாஸின் சாவை அவர் வரைந்திருக்கிறார். மற்ற ஓவியர்கள் வாளின்மேல் வீழ்ந்து கிடக்கும் உடலைக் காட்டியபோது, எக்சிகியாஸ் அதற்கு முந்தைய நிமிடத்தைத் தேர்ந்தெடுத்தார். ஏயாஸ் தனியாக மண்டியிட்டு, வாளின் பிடியை மண்ணில் ஊன்றி, மண்ணைக் கையால் அணைத்து இறுக்குகிறான். நெற்றியில் கீறிய சில கோடுகளைத் தவிர வேறெந்த உணர்ச்சிக் குறியும் இல்லை. கருவுருவப் பாணி விறைப்பானது, அடுத்து வந்த பாணிதான் மனித உணர்வைத் திறந்துவிட்டது என்று எழுதுபவர்களை நான் ஏற்காததற்கு இந்த ஒரு சாடி போதும்.

இருந்தாலும் கீறும் முனைக்கு ஓர் எல்லை உண்டு. அது ஒரே தடிப்பான, இறுகிய கோட்டையே தரும். திரும்பி நிற்கும் முதுகு, முன்னால் நீளும் பாதம், மூச்சில் விரியும் விலா ஆகியவற்றைக் கறுத்த நிழலுக்குள் காட்டுவது கடினம். கி.மு. 525-ஐ ஒட்டி ஏதென்ஸில், ஆண்டோகிடீஸ் என்ற குயவரின் பட்டறையோடு சேர்ந்த ஓவியர் ஒருவர் முழு ஏற்பாட்டையும் தலைகீழாக்கினார். உருவத்தை மண்ணின் நிறத்திலேயே விட்டுவிட்டுச் சுற்றியுள்ள வெளியைக் கறுப்பால் நிரப்பினார். செவ்வுருவப் பாணி என்பது இதுதான். உள் விவரங்களை இப்போது தூரிகையால் வரைய முடிந்தது. மூனிக்கில் உள்ள ஒரு சாடியின் இரு பக்கங்களிலும் சாய்ந்து விருந்துண்ணும் ஹெராக்ளீஸே இருக்கிறான்; ஒரு பக்கம் கருவுருவத்தில், மறுபக்கம் செவ்வுருவத்தில். சூளையிலும் குழம்பிலும் எதுவும் மாறவில்லை. பூசும் இடமும் விடும் இடமும் மட்டுமே இடம் மாறின. ஆனால் அந்த ஒரு மாற்றத்தால் ஓவியருக்கு மூன்று வகைக் கோடுகள் கிடைத்தன: தடித்த குழம்பால் இழுத்து, வெளிச்சத்தில் தொட்டால் தட்டுப்படும்படி எழுந்து நிற்கும் கறுங்கோடு, சாதாரணத் தூரிகைக் கோடு, நீர்த்த குழம்பால் தசையையும் மென்மயிரையும் காட்டும் பொன்பழுப்புக் கோடு.

இந்தப் புதிய உரிமையை முதலில் முழுமையாக ஆண்ட யூஃப்ரோனியோஸ், யூதிமிடீஸ், ஃபிந்தியாஸ் ஆகிய ஓவியர்கள் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டே வேலை செய்தார்கள். மூன்று களியாட்டக்காரர்கள் உடலை முறுக்கி ஆடும் தன்னுடைய சாடியில் "யூஃப்ரோனியோஸ் ஒருபோதும் செய்யாதபடி" என்று யூதிமிடீஸ் எழுதிவைத்தார். தொழிலில் தன் நிகரானவரைப் பெயர் சொல்லி அறைகூவும் அந்தப் பொறிப்பு, 2500 ஆண்டுகளுக்கு முந்தைய பட்டறையின் சூட்டை அப்படியே தருகிறது.

யூஃப்ரோனியோஸின் சர்பெடான் கலத்தில், உறக்கமும் சாவும் சிறகுள்ள இரு வீரர்களாக வந்து, போரில் மாண்ட சர்பெடானின் பேருடலைத் தூக்குகிறார்கள். காயங்களிலிருந்து குருதி வழிகிறது. பின்னால் தெய்வத் தூதனான ஹெர்மீஸ் நின்று பார்க்கிறான். இந்தக் கலத்தை 1971-இல் இத்தாலியின் செர்வெத்தெரியில் கல்லறைத் திருடர்கள் தோண்டி எடுத்தார்கள். 1972-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பத்து லட்சம் டாலருக்கு அதை வாங்கியது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் 2008-இல் அது இத்தாலிக்குத் திரும்பியது. கலம் திரும்பிவிட்டது, அது எந்த அறையில், எந்தப் பொருள்களுக்கு அருகே, யாருக்காக வைக்கப்பட்டிருந்தது என்ற செய்தி திரும்பவில்லை. நம் மலைகளில் புதையல் ஆசையால் மூடுகல்லைப் புரட்டிப் பதுக்கைகளைக் கலைப்பவர்கள் அழிப்பதும் இதே செய்தியைத்தான். உடைந்த கலத்தைக்கூட ஒட்டிவிடலாம், கலைந்த மண்ணடுக்கை யாராலும் திரும்ப அடுக்க முடியாது.

ஏதென்ஸின் சிறந்த கலங்கள் இத்தாலியில் கிடைப்பதற்குக் காரணம், அங்கே வாழ்ந்த எட்ருஸ்கர்கள் அவற்றை விரும்பி வாங்கித் தங்கள் கல்லறைகளில் வைத்ததுதான். அதனால் 18-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியர் இவற்றை எட்ருஸ்கக் கலங்கள் என்றே நம்பினார்கள். ஆங்கிலேயரான ஜோசையா வெட்ஜ்வுட் தன் மட்கலத் தொழிற்சாலைக்கு எட்ரூரியா என்று பெயர் வைத்ததும் இந்த நம்பிக்கையில்தான். கையொப்பம் இல்லாத ஆயிரக்கணக்கான கலங்களைக் காது, கணுக்கால், ஆடை மடிப்பு ஆகியவற்றை வரையும் பழக்கத்தைக் கொண்டு கை வேறு கை வேறாகப் பிரித்தவர் ஆக்ஸ்ஃபர்டின் ஜான் பீஸ்லி (1885–1970). பெயர் தெரியாத ஓவியர்களுக்கு அவர் கலம் இருக்கும் ஊரின் பெயரையோ குயவரின் பெயரையோ சூட்டினார். அவ்வாறு பெயர் பெற்ற பெர்லின் ஓவியர், பளபளக்கும் கறுப்பின் நடுவே, சட்டமும் அலங்காரப் பட்டையும் பெரும்பாலும் இல்லாமல், ஒற்றை உருவத்தை நிறுத்துவார். செவ்வுருவப் பாணியில் என் மனம் திரும்பத் திரும்பச் செல்வது அவரிடம்தான்.

பழையது உடனே மறைந்துவிடவில்லை. ஏதென்ஸின் பெருவிழாப் போட்டிகளில் வென்றவர்களுக்கு ஆலிவ் எண்ணெய் நிரப்பித் தந்த பரிசுச் சாடிகளில், ஒருபுறம் அதீனா தேவியும் மறுபுறம் போட்டிக் காட்சியும், செவ்வுருவம் பரவிப் பல தலைமுறை கடந்த பின்னும் கருவுருவத்திலேயே தொடர்ந்தன. சடங்கோடு இணைந்த கலத்தில் மரபை மாற்ற யாரும் துணியவில்லை.

கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்லறைக்கான எண்ணெய்க் குடுவைகளில் மட்டும் வேறொரு வழி தோன்றியது. குடுவையின் உடலை வெண்களிமண்ணால் பூசி, அதன்மேல் மெல்லிய கோடுகளால், பிரியும் கணவனையும் மனைவியையும், கல்லறைத் தூணுக்கு நாடா கட்டும் பெண்ணையும் வரைந்தார்கள். அக்கிலீஸ் ஓவியரின் வெண்குடுவைகள் இவற்றுள் தலைசிறந்தவை. ஆனால் ஆடைகளுக்கு இட்ட பல நிறங்களைச் சுட்டபின் பூசியதால் அவை நிலைக்கவில்லை. போர்த்தியிருந்த ஆடையின் நிறம் உதிர்ந்து உடற்கோடு மட்டும் எஞ்சியிருக்கும் உருவங்கள் பல. அன்றாடம் கழுவிப் புழங்கும் கலத்தில் இந்த முறை செல்லாது. நெருப்பு ஏற்றுக்கொண்ட இரண்டு நிறங்களை விட்டு ஓவியர் வெளியேற முயன்றபோது நேர்ந்த இழப்பு இது.

அதன் பிறகு வந்தவற்றை நான் விரைந்தே கடக்கிறேன். சுவரோவியத்தைப் போட்டியாகக் கொண்டு உருவங்களை மேலும் கீழும் பல தளங்களில் நிறுத்தினார்கள். பிறகு மெல்லிய ஆடை மடிப்புகளும் பொற்பூச்சும் பெருகின. ஆழ்ந்த வடிவத்தின் மேல் அலங்காரம் ஏற ஏற, கலம் ஓவியத்தைத் தாங்கும் வெறும் பரப்பாகிவிட்டது என்பது என் கருத்து. தெற்கு இத்தாலியின் கிரேக்கக் குடியேற்றங்களில் அப்பூலியா, பேஸ்டம் முதலிய இடங்களின் பட்டறைகள் நாடகக் காட்சிகளையும் கல்லறை மாடங்களையும் வரைந்து இந்த மரபை ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்தன. ஏதென்ஸில் செவ்வுருவம் கி.மு. 320 அளவிலும், இத்தாலியில் கி.மு. 300-ஐ ஒட்டியும் முடிவுக்கு வந்தது. உருவங்கள் போன பின்னும் கறுப்புப் பூச்சு நின்றது. வெள்ளிப் பாத்திரத்தைப் பார்த்து அச்சில் எடுத்த, புடைப்பு வேலையுள்ள கறுப்புக் கிண்ணங்களைச் செய்தார்கள். அதன் பின் குயவர்கள் புகையிடும் நடுக்கட்டத்தையும் விட்டுவிட்டு, அதே வகை நுண்களிமண் பூச்சைக் காற்றோட்டத்திலேயே சுட்டு, முழுவதும் பளபளப்பான சிவப்புக் கலங்களைச் செய்யத் தொடங்கினார்கள். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துப் பட்டறைகள் இவற்றைப் பெருமளவில் உருவாக்கி ஏற்றுமதி செய்தன. அவற்றின் துண்டுகள்தாம், 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில், நம் கடற்கரையின் மணலுக்கடியில் கிடைத்து, அந்தத் துறைமுகத்தின் காலத்தைக் கணிக்க அவருக்கு உதவின.